பெட்டியில் போட்ட பெயரும் காரில் ஒட்டிய பெயரும்

1934ஆம் ஆண்டில் நடந்த மூன்று காரியங்களை நான் எப்போதும் சேர்த்தே நினைப்பேன். அந்த ஆண்டில்தான் நுவரெலியாவில், மாகஸ்தோட்டை தேயிலைத் தோட்டத்துப் பாதையில், மலையேறும் மோட்டார் பந்தயம் தொடங்கியது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரத்து பின்ஸ் றோட்டில் இருந்த மெக்கானோ கம்பெனி, தான் வார்த்த சின்னஞ்சிறு உலோகக் கார்களுக்கு ‘டிங்கி டொய்ஸ்’ என்று பெயர் வைத்தது. ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் களத்தில் மெர்சிடிஸ் டபிள்யூ 25 கார், அந்த நாட்டுக்குரிய வெள்ளைப் பூச்சு இல்லாமல், வெள்ளி நிறத்தோடு வந்து நின்றதும் அதே ஆண்டுதான்.

நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். பழைய பந்தயக் கார்களைச் சின்ன மொடல்களாகச் செய்து, பெயின்ட் அடித்து, எண்ணும் எழுத்தும் ஒட்டுவதுதான் இப்போது என் வேலை. மொடல் செய்கிறவனுக்கு எஞ்சினைவிட வெளிப்பூச்சுதான் அதிக நேரம் பிடிக்கும். என்ன நிறம், என்ன எண், யார் பெயர், எந்த இடத்தில்? காரிடம் இவற்றைக் கேட்டுப் பழகிய பிறகு எங்கள் மலைநாட்டிடமும் அதையே கேட்கத் தொடங்கினேன். ஒரு பொருளின்மேல் யாருடைய பெயர் இருக்கிறது? அந்தப் பெயரை எழுதியது யாருடைய கை?

முதலில் மாகஸ்தோட்டை. ஏப்ரல் மாதத்தில் கொழும்பு வெயில் தாங்காமல் வெள்ளைக்காரர்கள் நுவரெலியாவுக்கு ஏறி வருவார்கள். குதிரைப் பந்தயம், கொல்ஃப், மலர்க் கண்காட்சி என்று அந்த மாதம் முழுவதும் சீசன். அதோடு கார்ப் பந்தயமும் சேர்ந்துகொண்டது. வளைந்து வளைந்து ஏறும் தோட்டத்துப் பாதையில் ஒவ்வொரு வண்டியாக விடுவார்கள். மேலே போய்ச் சேர எடுத்த நேரம்தான் கணக்கு. பிறகு நானுஓயாப் பக்கம் ரதல்ல தோட்டத்திலும் இதேபோல் ஒரு பந்தயம் வந்தது. கிரகரி வாவியைச் சுற்றியும் ஓடினார்கள்.

இங்கே பந்தயம் ஓடுவதில் ஒரு சங்கடம் உண்டு. நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. கொழும்பில் சரியாக ஓடிய கார்பரேட்டர் இங்கே எரிபொருளை அதிகமாக ஊற்றும், காற்று போதாது, புகைபோக்கி கறுக்கும். ஜெட்டை மாற்றிப் போடத் தெரிந்தவனுக்குத்தான் மலை வழிவிடும். அதனால் அந்தக் காலத்து மலையேற்றக் காரைச் செய்யும்போது புகைபோக்கி முனையில் கொஞ்சம் கரி தடவுவேன். பார்ப்பவர்கள் அழுக்கு என்பார்கள். அது உயரத்தின் அடையாளம்.

நிறங்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. 1900இல் தொடங்கிய கோர்டன் பெனட் கோப்பைப் பந்தயத்திலிருந்து காரின் நிறம் அதன் நாட்டையோ ஓட்டுபவரின் நாட்டையோ சொல்லும். பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, ஜெர்மனிக்கு வெள்ளை, பெல்ஜியத்துக்கு மஞ்சள். 1903இல் போட்டி அயர்லாந்தில் நடந்ததால் பிரிட்டனுக்குப் பச்சை வந்தது. மெர்சிடிஸ் வெள்ளி நிறத்துக்கு மாறியதற்கு ஒரு கதை சொல்வார்கள். எடை எல்லை 750 கிலோ. கார் ஒரு கிலோ கூடிவிட்டது. இரவோடிரவாகப் பூச்சைச் சுரண்டி எடுத்தார்கள் என்று அணி மேலாளர் நொய்பவர் பிற்காலத்தில் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் இதை முழுதாக நம்புவதில்லை. பூச்சுக்கு எடை உண்டு என்பது மட்டும் எனக்குச் சந்தேகமில்லாத விஷயம். 1/43 அளவுக் காரில் ஒரு கோட் கூடிவிட்டால் கதவின் கோடு மூடிப்போகும், திருகாணித் தலை மறைந்துபோகும்.

அந்தக் காலத்துக் காரின் மேல் விளம்பரம் கிடையாது. ஒரு நிறம், ஒரு வட்டம், ஒரு எண். அவ்வளவுதான். அந்த எண்ணை எழுத நான் கற்றுக்கொண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஸ்டோரில், என் அப்பாவிடம்.

எங்கள் சனம் தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்றுதான் சொல்லும். அப்பா அங்கே பெட்டிக்கு மார்க் போடுகிறவர். தூள் சலித்துத் தரம் பிரித்த பிறகு பெட்டியில் அடைப்பார்கள். ஒரு காலத்தில் ஜப்பானிலிருந்து மோமி மரப் பெட்டிகள் வந்தன. பிறகு ப்ளைவூட் பெட்டி. காலிப் பக்கம் கிந்தோட்டையில் அரசாங்கமே ப்ளைவூட் தொழிற்சாலை வைத்தது. ஓரங்களில் தகரப் பட்டை அடித்து, உள்ளே ஈயத்தாள், பிற்காலத்தில் அலுமினியத்தாள் விரித்து, தூளைக் குலுக்கி நிரப்பி, மூடி ஆணி அடித்தால் ஏறக்குறைய நூறு இறாத்தல் தேயிலை அதற்குள் இருக்கும். அதற்குப் பிறகு அப்பாவின் வேலை. துத்தநாகத் தகட்டில் வெட்டிய அச்சைப் பெட்டியின் முகத்தில் வைத்து, தோட்டத்தின் பெயர், தரம், இன்வொய்ஸ் எண், பெட்டி எண், மொத்த எடை, பெட்டி எடை, தேயிலை எடை, எல்லாவற்றையும் கறுப்பு மையில் போடுவார்.

பி.ஓ.பி. என்பது எங்கள் பெரிய தரம். ஆங்கிலத்தில் அந்த மூன்று எழுத்திலும் நடுவில் அடைபட்ட வெளி இருக்கிறது. தகட்டில் அப்படியே வெட்டினால் நடுத்துண்டு உதிர்ந்துவிடும். இரண்டு சின்னப் பாலங்களை விட்டு வெட்ட வேண்டும். தேயிலைப் பெட்டி எழுத்துகள் எல்லாம் நடுவில் முறிந்து முறிந்து தெரிவது அதனால்தான். பந்தய எண்களிலும் இதே கணக்கு. 1, 2, 3, 5, 7 வெட்டுவது சுலபம். 0, 4, 6, 8, 9 ஆகியவற்றுக்குப் பாலம் வேண்டும். அல்லது நடுத்துண்டைத் தனியாக ஒட்ட வேண்டும்.

மை வைப்பதிலும் ஒரு நுட்பம் இருந்தது. கட்டைக் குச்சியின் நுனியில் தட்டையாக வெட்டிய முரட்டு மயிர் பிரஸ். அதை மையில் தோய்த்தவுடன் பெட்டிக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் பலகையில் தட்டித் தட்டி ஈரத்தை எடுக்க வேண்டும்.

“தம்பி, பிரஸ்ல மை இருக்கணும், ஈரம் இருக்கக் கூடாது. இழுக்காத. நேரா குத்து” என்பார்.

இழுத்தால் மை தகட்டுக்கு அடியில் ஓடி எழுத்தின் ஓரம் கசியும். நேராகக் குத்தினால் ஓரம் கத்தி வெட்டியதுபோல் நிற்கும். டேப் ஒட்டிக் காரில் இரண்டாவது நிறம் அடிக்கும்போது இன்றும் அந்த வழிதான். முதல் கோட் ஏறக்குறைய உலர்ந்த புகையாக விழ வேண்டும்.

அப்பா போட்ட பெயர்கள் ரயிலேறிக் கொழும்பு ஏலத்துக்கும் அதற்கு அப்பாலும் நெடுந்தூரம் போயின. ஹட்டன் ஸ்டேஷனுக்கு ரயில் வந்தது 1884இல். கொழும்பில் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று சோமர்வில் கம்பெனியில் நடந்தது. பெட்டியைத் திறக்காமலே, மார்க்கைப் பார்த்தே வாங்குகிறவர் இது எந்த மலை, எந்தத் தோட்டம், எந்தத் தரம் என்று சொல்லிவிடுவார். அந்த நம்பிக்கையில்தான் வியாபாரம் நடந்தது. இப்போது கடதாசி மூட்டைகள் வந்துவிட்டன. தகட்டு அச்சுகள் பழைய இரும்புக் கடைக்குப் போயின. எங்கள் ஸ்டோரில் மிச்சமிருந்த ஒரு தகட்டைக் கேட்டு வாங்கி என் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

அச்சின் கதை இப்படி. ஒட்டும் எழுத்தின் கதை வேறு. அதுவும் தேயிலையோடுதான் சேர்ந்து வந்திருக்கிறது என்பதைப் படித்தபோது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

1756இல் லிவர்பூலில் ஜோன் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1,200க்கும் மேற்பட்ட சுவர் ஓடுகளில் படம் அச்சிட்டுக் காட்டியதாகச் சத்தியக் கடதாசி கொடுத்தார்கள். படத்தை முதலில் கடதாசியில் எடுத்து, அங்கிருந்து மண்பாண்டத்துக்கு மாற்றும் வித்தை அது. சில ஆண்டுகளில் வெட்ஜ்வூட் தன் தேநீர்க் கேத்தல்களையும் கோப்பைகளையும் படம் போடுவதற்காக லிவர்பூலுக்கு அனுப்பத் தொடங்கினார். நூறு பேர் தூரிகையால் வரைந்ததை ஒரு பட்டறை கடதாசியால் செய்தது. அந்தக் கடதாசி வித்தை பல கை மாறி வளர்ந்ததுதான் நாங்கள் தண்ணீரில் நனைத்து ஒட்டும் டீகல். பிசின் பூசிய கடதாசி, அதன்மேல் மெல்லிய வார்னிஷ் படலம், படலத்தில் அச்சு. தண்ணீர் பிசினைக் கரைக்கும், படலம் வழுக்கிக்கொண்டு வரும்.

எங்கள் லயங்களுக்குள், அதாவது தோட்டத்துக் குடியிருப்புகளுக்குள், இந்த வித்தை வந்தது தையல் மெஷினில். சிங்கர் கம்பெனி 1877இல் இலங்கைக்கு வந்தது. தையல்காரர் வீட்டு மெஷினின் கறுப்பு உடம்பில் பொன்னிறக் கொடியும் பூவும் எழுத்தும் மின்னும். கையால் வரைந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். எல்லாம் ஒட்டி வார்னிஷ் அடித்தது. ஊசி போகும் இடத்தருகே, துணி உரசி உரசி, பாதிப் பூ தேய்ந்திருக்கும். மேலே காப்புப் பூச்சு இல்லாத டீகல் எவ்வளவு காலம் நிற்கும் என்பதற்கு எனக்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

பங்களாப் பிள்ளைகளிடம் டிங்கி கார் இருந்தது. என் மாமா பங்களாவில் அப்புவாக, அதாவது சமையல் பார்ப்பவராக, இருந்தவர். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டங்களின் கீழ் தோட்டங்களை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது துரைமார் ஊருக்குப் போனார்கள். போகும்போது விட்டுச்சென்ற சாமான்களில் ஒன்று மாமா மூலமாக என் கைக்கு வந்தது. ஒரு டிங்கி ஃபெராரி. ஃபெராரி என்றால் சிவப்பு என்று உலகமே சொல்லும். இதுவோ நீலம். மூக்கு மட்டும் மஞ்சள். காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் தெரிந்தது. நீலமும் மஞ்சளும் அர்ஜென்டினாவின் பந்தய நிறங்கள். கார் இத்தாலியில் செய்ததாக இருக்கலாம், நிறம் நாட்டைச் சொல்லும் என்ற அந்தப் பழைய சட்டத்தை ஒரு பொம்மைக் கார் எனக்குச் சொல்லித்தந்தது.

அந்தக் காருக்கு நான் பெயின்ட் அடிக்கவில்லை. அடிக்கவும் மாட்டேன். பழைய டிங்கியைச் சுரண்டிப் புதிதாக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. எந்தப் பிள்ளையின் கையில் எந்த மூலை தேய்ந்தது என்பது அந்தப் பூச்சில் இருக்கிறது. அதைச் சுரண்டினால் திரும்ப வராது. புதிதாக வேண்டுமென்றால் புதிதாக ஒன்று செய்யலாம்.

நிறம் நாட்டைச் சொல்லும் அந்தச் சட்டம் 1968இல் முடிந்தது. கார்களில் விளம்பரம் போட அனுமதி வந்தது. ஜனவரி 1 அன்று தென்னாபிரிக்கப் போட்டியில் கன்ஸ்டன் சிகரெட் நிறத்தில் தனியார் அணி ஒன்று இறங்கியது. பின்னாலேயே லோட்டஸ் அணி பச்சையை விட்டுவிட்டு கோல்ட் லீஃப் சிகரெட் பெட்டியின் சிவப்பு, வெள்ளை, பொன்னிறத்துக்கு மாறியது. மொடல் செய்கிறவர்களுக்கு அன்றோடு வேலை மாறிப்போனது. ஜப்பானில் டமியா கம்பெனி 1967இல் கொண்டுவந்த 1/12 அளவு ஹொண்டா காருக்கு வெள்ளைப் பூச்சும் சிவப்பு வட்டமும் எண்ணும் இருந்தால் போதும். அடுத்த சில ஆண்டுகளில் வந்த கார்களுக்கு டீகல் தாளே ஒரு பக்கம் நிறையும்.

அந்த விளம்பரப் பெயர்களுக்கு நடுவே ஒரு பெயர் என்னை நிறுத்தியது. புரூக் பொண்ட்.

ஆர்தர் புரூக் 1869இல் மான்செஸ்டரில் தேயிலைக் கடை திறந்தார். எங்கள் மலைகளில் கோப்பிக்கு இலைநோய் வந்து, தேயிலைக்கு வழி திறந்ததும் அதே ஆண்டுதான். 1968இல் அந்தக் கம்பெனி, ஒக்ஸோ சூப்புக் கட்டி விற்ற லீபிக் கம்பெனியோடு சேர்ந்தது. அதே ஆண்டில் தேயிலைப் பக்கெட்டுக்குள் மோட்டார் காரின் வரலாறு என்று 50 படச் சீட்டுகள் போட்டது. பிரிட்டிஷ் பிள்ளைகள் தேயிலை குடிக்காவிட்டாலும் சீட்டுக்காகப் பக்கெட் வாங்கச் சொல்லி அடம்பிடித்தார்கள்.

1970இல் அந்தப் பெயர் பந்தயக் காரிலேயே ஏறியது. ரொப் வோக்கர் என்பவர் தன் சொந்த அணியை வைத்துப் பெரிய கம்பெனிகளோடு மோதிக்கொண்டிருந்தவர். கருநீலக் கார், மூக்கில் வெள்ளைப் பட்டை, அதுதான் அவர் நிறம். செலவு தாங்காத காலம் வந்தபோது புரூக் பொண்ட் ஒக்ஸோ அவருக்குத் துணை வந்தது. ஓட்டியவர் இரண்டு முறை உலக சம்பியனான கிரஹம் ஹில். 1969 ஒக்டோபரில் அமெரிக்காவில் நடந்த விபத்தில் அவருடைய இரண்டு கால்களும் மோசமாக அடிபட்டன. இனி ஓட்டமாட்டார் என்றார்கள். 1970 மார்ச் 7 அன்று தென்னாபிரிக்காவில் வோக்கரின் லோட்டஸ் 49இல் ஏறி ஆறாவதாக வந்தார். அந்த ஆண்டின் கடைசியில் அதே நிறத்தில் அவருக்கு லோட்டஸ் 72 கிடைத்தது.

நான் செய்ய ஆசைப்பட்டது அந்த லோட்டஸ் 72. எப்ரோ கம்பெனியின் 1/20 பெட்டியில் வருவது கோல்ட் லீஃப் நிறத்துக் கார். கருநீலத்தை நான்தான் கலக்க வேண்டும், பெயரை நான்தான் வரைந்து அச்சடிக்க வேண்டும். வெள்ளை டீகல் மெல்லியது. கருநீலத்தின்மேல் ஒட்டினால் கீழே உள்ள நீலம் தெரிந்து சாம்பலாகிவிடும். அதனால் மூக்குப் பட்டையை ஒட்டவில்லை. முதலில் முழுக்க வெள்ளை அடித்து, பட்டையை டேப்பால் மறைத்து, மேலே நீலம் அடித்தேன். பிறகு டேப்பை எடுத்தபோது அப்பாவின் ஓரம் வந்திருந்தது.

பெயரை ஒட்டும் வேளையில் கை நின்றது. 1970இல் அந்தக் கார் ஓடியபோது எங்கள் நிலைமை என்ன? 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் சனத்தை நாடற்றவர்களாக்கியிருந்தது. 1964இல் சிறிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எந்த நாட்டுப் பதிவேட்டிலும் தன் பெயர் இல்லாத ஆள், நாள் முழுவதும் நின்று, தோட்டத்தின் பெயரைப் பெட்டிக்குப் பெட்டி கசியாமல் போட்டுக்கொண்டிருந்தார். 1973இல் பிரிட்டனில் கிரனாடா தொலைக்காட்சி ‘வேர்ல்ட் இன் அக்ஷன்’ நிகழ்ச்சியில் இலங்கைத் தோட்டத் தொழிலாளர் படும் பாட்டைக் காட்டியபோதுதான், கோப்பையைக் கையில் வைத்திருந்த பலருக்கு அந்தப் பக்கெட்டின் பின்னால் ஆட்கள் இருப்பது தெரிந்தது. அடுத்த ஆண்டுக்குள் அரிசி, மாவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் விழுந்தன. நான் அந்தப் பசியைப் பார்த்தவன்.

காரின் மீது எனக்குக் கோபமில்லை. கால் முறிந்து எழுந்து வந்து ஓட்டியவர் மீதும் இல்லை. அந்தக் காரை நான் விரும்பித்தான் செய்தேன், இன்றும் என் அலமாரியில் நடுத்தட்டில் இருக்கிறது. ஆனால் அதை மட்டும் தனியாக வைக்க மனம் வரவில்லை. பக்கத்தில் 1/24 அளவில் ஒரு தேயிலைப் பெட்டி செய்து வைத்தேன். 24 அங்குல உயரப் பெட்டி அந்த அளவில் சரியாக 1 அங்குலம் வரும். அளவு பொருந்தாது என்று மொடல் செய்யும் நண்பர்கள் சொல்வார்கள். பொருந்தாவிட்டால் போகட்டும். தகர ஓரத்துக்கு அலுமினியத்தாள், பலகைக்கு ஐஸ்கிரீம் குச்சியைச் சீவியது. மார்க்கை மட்டும் டீகலாக ஒட்டாமல், மெல்லிய தாளில் வெட்டி, பிரஸ்ஸால் குத்தித்தான் போட்டேன்.

அப்பா வேறு பெட்டிகளுக்கும் பெயர் போட்டிருக்கிறார். ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போன குடும்பங்கள் ஆளுக்கொரு தகரப் பெட்டி வாங்குவார்கள். ‘அழுகைக் கோச்சி’ என்று எங்கள் சனம் சொன்ன ரயிலில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேஸ்வரம் போக வேண்டும். வழியில் பெட்டி மாறிவிடக் கூடாது. அதனால் மாலையில் ஸ்டோர் முடிந்ததும் லயத்து வாசலுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

“அண்ணே, நம்ம பேரைக் கொஞ்சம் போட்டுக் குடுங்க.”

ஆங்கில எழுத்துக்குத் தகடு இருந்தது. தமிழுக்கு அப்பா கையால் எழுதுவார், வெள்ளை எனாமலில். குடும்பத் தலைவர் பெயர், தகப்பன் பெயர், போகும் ஊர். கோத்தகிரி, கூடலூர், மண்டபம் என்ற பெயர்களை நான் முதலில் படித்தது அந்தப் பெட்டிகளில்தான். காசு வாங்கமாட்டார். அத்தனை ஆண்டுகள் பெட்டிகளுக்குப் பெயர் போட்டவருக்கு, தன்னோடு வேலை செய்தவனின் பெயரை ஒரு பெட்டியில் எழுதக் கிடைத்தது அவன் புறப்பட்டுப் போகும்போதுதான்.

இனி வேலை முறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கொழும்பில் இருப்பவர்கள் எழுதிய குறிப்புகள் இங்கே செல்லாது. லெக்கர் பெயின்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிரும். காற்றில் ஈரம் அதிகமிருந்தால் அந்தக் குளிரில் பனித்து, பூச்சுக்குள் சிக்கி, கறுப்புக் காரும் வெண்மையாகப் பூத்துப்போகும். மே மாதக் கடைசியிலிருந்து செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியாப் பக்கம் மழை விடாது. அந்த மாதங்களில் நான் லெக்கரைத் தொடுவதில்லை. ஜனவரி முதல் மார்ச் வரை வறண்ட காற்று அடிக்கும், இரவில் குளிரும், பகலில் வெயில் சுள்ளென்று அடிக்கும். டிம்புள்ள, டிக்கோயாத் தேயிலைக்கு வாசனை கூடி ஏலத்தில் விலை ஏறும் காலம் அதுதான். பூச்சுக்கும் அதுவே நல்ல காலம்.

டீமேக்கராக இருந்ததில் கிடைத்த பெரிய உதவி ஈர பல்ப், உலர் பல்ப் தெர்மாமீட்டர். கொழுந்தை வாட்டும் தட்டுகளுக்கு மேலே அது தொங்கும். இரண்டு பல்புக்கும் இடையில் எத்தனை பாகை வித்தியாசம் என்று பார்த்துத்தான் காற்றின் உலர்ச்சியைச் சொல்வோம். அப்படி ஒன்று என் பெயின்ட் அறையிலும் தொங்குகிறது. வித்தியாசம் 4 பாகைக்குக் கீழே போனால் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கழுவி வைத்துவிடுவேன்.

டீகல் ஒட்டுவதற்கு முதல் விதி, அடியில் உள்ள பூச்சு கண்ணாடிபோல் வழவழப்பாக இருக்க வேண்டும். மங்கலான பூச்சின் நுண்ணிய மேடுபள்ளங்களில் காற்று அடைபட்டால் படலத்தின் அடியில் வெள்ளி வெள்ளியாகத் தெரியும், பிறகு எதனாலும் போகாது. அச்சுக்கு மிக நெருக்கமாகக் கத்தரிக்க வேண்டும். எங்கள் குழாய்த் தண்ணீர் குளிரில் பிசின் இளகாது. பிளாஸ்கில் இருந்து சுடுதண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக்கிக்கொள்வேன். நனைத்ததும் இழுக்கக் கூடாது. எடுத்து ஒரு துணியின்மேல் வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தானாக வழுக்கும்போதுதான் காருக்கு மாற்ற வேண்டும். வளைவுகளில் உட்கார வைக்க இளக்கும் திரவம் தடவினால் படலம் முதலில் சுருங்கிக் கோணலாகும். புதிதாகக் கற்கும் பையன்கள் பயந்துபோய் விரலால் நீவுவார்கள், அங்கே கிழிந்துவிடும். தொடாமல் விட்டால் அதுவே படிந்து, கதவுக் கோட்டுக்குள் இறங்கி, பெயின்டில் எழுதியதுபோல் நிற்கும். மஞ்சளாகிப்போன பழைய தாளையும் எறிய வேண்டியதில்லை. பிளாஸ்டிக் உறையில் போட்டு வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் சில வாரங்களில் மஞ்சள் வெளுக்கும். இந்த உயரத்து வெயிலுக்கு அந்தச் சக்தி நிறையவே உண்டு.

இப்போதும் ஏப்ரலில் நுவரெலியா மலைகளில் வண்டிகள் ஏறுகின்றன. மினி, ஃபோர்ட் லேசர், நிசான் மார்ச் என்று நம் ஊர்ச் சாலைகளில் பார்க்கும் கார்களே பந்தயத்துக்கும் வருகின்றன. எண்கள் எல்லாம் கம்ப்யூட்டரில் வெட்டிய வினைல் ஸ்டிக்கர். போட்டி முடிந்ததும் உரித்துவிடலாம். அதில் எனக்குக் குறையில்லை, வெட்டுகிற பையன்கள் நல்ல வேலைக்காரர்கள். பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நம் சனம்தான். மேட்டிலும் பாதை ஓரத்திலும் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். 2024 ஏப்ரல் 21 அன்று தியத்தலாவை பொக்ஸ் ஹில் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்தக் காரின் மொடலை ஒருவர் செய்து தரக் கேட்டார். முடியாது என்றேன். எனக்குத் தெரிந்த பெரியவர்களிடமும் பிள்ளைகளிடமும் தடுப்புக்குப் பின்னால், வளைவின் உட்பக்க மேட்டில் மட்டும் நில்லுங்கள் என்று ஒவ்வோர் ஏப்ரலிலும் சொல்கிறேன்.

இப்போது நான் தேடுவது மாகஸ்தோட்டையில் ஓடிய பழைய கார்களின் நிறம். ஓட்டியவர்களின் படங்கள் பழைய அல்பங்களில் இருக்கின்றன, ஆனால் கறுப்பு வெள்ளை. அதிலும் ஒரு பொல்லாப்பு உண்டு. அந்தக் காலத்துப் பல ஃபிலிம்களுக்குச் சிவப்புத் தெரியாது. சிவப்புக் கார் படத்தில் கறுப்பாக விழும், நீலக் கார் வெளுத்து விழும். படத்தின் சாம்பலை வைத்துப் பெயின்ட் கலந்தால் தவறான கார்தான் வரும். ஆகவே நேரில் பார்த்தவர்களின் நினைவுதான் ஆதாரம். அவர்களும் குறைந்துவருகிறார்கள்.

உங்கள் வீட்டில் அப்படியொரு படம் இருந்தால், பார்த்த பெரியவர் ஒருவர் இன்னும் இருந்தால், அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். படத்தின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள், பேனா வேண்டாம், மை மறுபக்கம் ஊறும். ஆண்டு, காரின் நிறம், வட்டத்தின் நிறம், எண்ணின் நிறம். அந்த எண்ணை எழுதியவர் யார் என்று தெரிந்தால், ஸ்டோர் ஆளோ, கராஜ் பெயின்டரோ, அவர் பெயரையும்.